மூலை

இன்னும் பதினோரு நாள்.
அதற்குள் என் மகளுக்கு
மாடிப்படி சொல்லித்தர வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.
கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம்,
வருஷத்தில் நாலு முறை கழற்றி லாரியில் ஏற்றுவோம்.
எழுபது கிலோமீட்டர் சுற்றளவில்
படி என்று ஒன்று இல்லை.
குன்று உண்டு. ஆட்டுக்கு முன்னால் ஏறிவிடுவாள்.
ஆனால் குன்றில்
பின்னாலிருந்து நாற்பது பிள்ளைகள் தள்ளுவதில்லை.

கவிழ்த்த பால் வாளி, அதையடுத்துத் தகரப் பெட்டி,
பெட்டிமேல் சேணம்.
மூன்று படி ஆயிற்று.
ஏறினாள்.
இறங்கு என்றேன். குதித்தாள்.
இறங்கு என்றேன். மறுபடி குதித்தாள்.
செல்மூன், பள்ளிக்கூடத்தில் குதிக்கக் கூடாது.
ஏன்?
குதித்துத்தான் என் முன்பல் உடைந்தது என்றேன்.
பொய்.
என் பல்லை உடைத்தது ஒரு சாம்பல் குதிரை.

குழாய்க்கு
மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் குழாயைத் திருகிக் காட்டினேன்.
இரண்டு நாள் அவள் கையில் அதே வாசம்.
சோப்புக் கட்டியோடு என்னைத் திட்டிக்கொண்டே
கழுவிவிட்டாள் ஓயூன்.

அப்புறம் வந்தது மூலை.

விடுதி அறைக்கு நாலு மூலை,
உன் கட்டில் ஜன்னலோர மூலையில், என்று சொன்னபோது
மூலை என்றால் என்ன என்று கேட்டாள்.
தகரப் பெட்டியைத் திறந்து
சுவர் சுவரை முட்டுகிற இடத்தைக் காட்டினேன்.
விரலை விட்டுத் துழாவினாள்.
நகத்தில் கொஞ்சம் தூசி,
போன குளிர்காலத்து ரொட்டித் துகள்.
இங்கே யார் தூங்குவார்கள், அப்பா?
பதில் தேடுவதற்குள்
பெட்டிக்குள்ளேயே சுருண்டு படுத்து
மூடச் சொன்னாள்.
நான் மூடவில்லை.

ராத்திரி சூரியத் தகட்டு விளக்கடியில்
ஓயூன் காலுறைகளில் எண் தைத்தாள்.
ஆறு ஜோடி. நீல நூல். கட்டில் எண் பதினேழு.
தைக்கத் தைக்க
ஒவ்வொரு ஏழும் முந்தைய ஏழைவிடச் சாய்ந்தது.
பன்னிரண்டாவது கிட்டத்தட்டப் படுத்துவிட்டது.
இது எதைக் காட்டுகிறது என்று நான் கேட்கவில்லை.
அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.
அந்த விடுதியிலிருந்து மூன்று முறை ஓடி வந்தவன் நான்.
ஆற்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே நடந்தால்
வீடு வந்துவிடும்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று.
நாங்கள் கிளம்பியதும்
ஒரு கரண்டிப் பாலைப் பின்னால் தெளித்தாள் ஓயூன்.
எண்ணெய்த் தொட்டிமேல் உட்கார்ந்து வந்தாள் மகள்.
கல்மேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள்.
ஒற்றைத் தந்திக்கம்பத்தைத் தாண்டும்போது
உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.
என் மகள் வழியை மனப்பாடம் செய்கிறாள்.
நான் வண்டியைத் திருப்பி
ஆற்றை விட்டு விலகி
மண்ணும் காற்றும் மட்டுமே உள்ள மேற்கில்
இருபது கிலோமீட்டர் சுற்றிப் போனேன்.
குறுக்கு வழியா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

மறுநாள் மணி அடித்தார்கள்.
தலையைவிடப் பெரிய இரண்டு வெள்ளை ரிப்பன் பூ.
மாடிப்படியில் ஒரு கை கைப்பிடியில்,
ஒவ்வொரு படியாக ஏறினாள்,
கடைசிப் படியில் மட்டும்
ஒரு சின்னக் குதி.

கீழே, ஜன்னலுக்கு வெளியே
புழுதிக் கோட்டுக்காரர்கள் ஒரு வரிசை. நானும்.
ஆசிரியை பதிவேட்டைத் திறந்தாள்.
எங்கள் வழக்கப்படி
தகப்பன் பெயர் முதலில், பிறகு பிள்ளை:
தவாசம்புவின் செல்மூன்.

அவள் அசையவில்லை.
என் பெயரோடு தன் பெயரை
அவள் கேட்டதே இல்லை.
படி, குழாய், மூலை
எல்லாம் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

தவாசம்புவின் செல்மூன்?

நாற்காலியில் மெல்லத் திரும்பினாள்,
கண்ணாடிக்கு அப்பால் என்னைத் தேடிப் பிடித்து
உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று
கையால் ஜாடை காட்டினாள்.

உள்ளேன், என்றேன்.
கண்ணாடியில் கொஞ்சம் ஆவி படிந்தது.